மூப்பு ஒழிப்புத் தீர்மானம்

வைத்தியர்களும் முனிவர்களும் மூலிகைக்காரர்களும் காலங்காலமாகத் தலைகீழாக நின்று பார்த்தும் முடியாத ஒரு காரியத்தை, அந்த நான்கு மாடிக் குடியிருப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், தேநீர் வருவதற்கு முன்பாகவே முடித்துவிட்டது. முதுமையை ஒழித்துவிட்டது. மருந்து கிடையாது, மாயம் கிடையாது. தீர்மானம் போட்டார்கள், கை தட்டினார்கள், ஒழிந்தது.

தீர்மானத்தின் தந்தை, குடியிருப்போர் சங்கச் செயலாளர். நாற்பதைத் தாண்டி ஓரிரண்டு வருடம் ஆனவர். ஏதோ ஒரு கம்பெனியில் ஊழியர்களுக்கு 'உற்சாகம் ஊட்டுவது' அவருடைய உத்தியோகம். ஆபீசில் ஊட்டியது போக மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவந்து குடியிருப்பு முழுவதற்கும் பரிமாறினார். அன்று முதல் அந்த வளாகத்தில் அறுபது தாண்டியவர் யாரும் 'முதியவர்' கிடையாது, 'அனுபவ இளைஞர்'. மாத்திரைக்கு 'சத்து' என்று பெயர். மறதிக்கு 'மன ஓய்வு' என்று பெயர். உட்காரும்போது 'அப்பாடா' என்பதும் எழும்போது 'அம்மாடி' என்பதும் இயக்க விரோத கோஷங்களாக அறிவிக்கப்பட்டன.

உட்காருவதில்தான் முதுமை ஆரம்பிக்கிறது என்பது செயலாளரின் கண்டுபிடிப்பு. ஆகவே தோட்டத்தில் இருந்த பெஞ்சுகள் அகற்றப்பட்டன. அந்த இடத்தில் இரண்டு கார்கள் வந்து நின்றன. இரண்டுமே செயலாளருடையவை என்று முணுமுணுத்தவர்கள் இளமைக்கு எதிரிகள். அவர்களைப் பற்றி நமக்கென்ன பேச்சு.

இந்த இயக்கத்தின் முன்வரிசை வீரர் சூப்ரண்டு. அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பெயர் மறந்துபோய்ப் பதவி மட்டும் அவர்மேல் ஒட்டிக்கொண்டது. உத்தியோக காலம் முழுவதும் அவருக்கு நாற்காலி தேய்ந்ததே தவிர செருப்பு தேய்ந்ததில்லை. அந்தப் பாவத்துக்குப் பரிகாரமாக இப்போது உட்காருவதே இல்லை என்று சபதம் எடுத்திருந்தார். 'நேற்றுப் பிறந்தவன்' என்று மார்பில் அச்சடித்த மஞ்சள் பனியனை மாட்டிக்கொண்டு, எழுபத்திரண்டு வயதில், விடிந்ததும் வளாகத்தைச் சுற்றிச் சுற்றி ஓடினார். தலைக்குப் பூசிய கறுப்பு ஆர்வக்கோளாறில் காது வரைக்கும் இறங்கியிருந்தது. "யங் மேன்!" என்று செயலாளர் கை உயர்த்தும்போதெல்லாம் சூப்ரண்டுக்கு ஓர் அங்குலம் உயரம் கூடியது.

முழங்கால் மட்டும் தீர்மானத்துக்குக் கட்டுப்பட மறுத்தது. ஆனால் அதற்கும் வழி இருந்தது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஓர் அறிவிப்புப் பலகை. அதில் எப்போதோ தண்ணீர்த் தொட்டி கழுவியதைப் பற்றி ஒரே ஒரு தாள். அந்தத் தாளை அனுபவ இளைஞர்கள் படித்த அளவுக்கு உலகத்தில் யாரும் எந்தக் காவியத்தையும் படித்திருக்க மாட்டார்கள். சூப்ரண்டு மேலே ஏறிவரும்போது அங்கே ஏற்கெனவே ஒருவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி படித்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் அது மூன்றாவது மாடிக் கண்டக்டராக இருக்கும். பஸ்ஸில் நின்றே ஆயுளைக் கழித்துவிட்டு, ஓய்வுக்குப் பிறகாவது உட்காரலாம் என்று நம்பி ஏமாந்தவர்.

"என்ன கண்டக்டரே, புதுசா ஏதாவது போட்டிருக்கா?"

"வியாழக்கிழமை தண்ணி வராதாம்."

"எந்த வியாழக்கிழமை?"

"போன வருஷத்து வியாழக்கிழமை. இருந்தாலும் விஷயம் முக்கியம் பாருங்க, நிதானமாப் படிக்கணும்."

இருவரும் நிதானமாகப் படிப்பார்கள். மூச்சு சீரான பிறகே தாள் படித்து முடியும். 'மூட்டு' என்ற சொல்லை இருவருமே எடுக்க மாட்டார்கள்.

இப்படி இளமை கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்த காலத்தில்தான் லிஃப்ட் விவகாரம் கூட்டத்துக்கு வந்தது. அந்தக் கட்டடத்திலேயே வயதாகிவிட்டது என்று அதிகாரபூர்வமாக ஒப்புக்கொள்ளப்பட்ட ஒரே ஜீவன் லிஃப்ட்தான்.

"நண்பர்களே, நம்ம லிஃப்டுக்கு வயசாயிருச்சு," என்றார் செயலாளர். குரல் தழுதழுத்தது. "முனகுது. நடுங்குது. நடுவுல நடுவுல மூச்சு வாங்கி நின்னுடுது. பாவம், அதை இன்னும் வேலை வாங்கலாமா? மனசாட்சி வேண்டாமா? அதனால இனிமே ஆபீஸ் போய்க் களைச்சு வர்றவங்களுக்கும் சாமான் ஏத்தி இறக்கறதுக்கும் மட்டும்தான் லிஃப்ட். சாவி என்கிட்ட இருக்கும். மத்தபடி நீங்கெல்லாம் இளைஞர்கள். படியில பறந்துட மாட்டீங்க?"

கூட்டம் பறப்பதாகத் தலையசைத்தது.

"இருந்தாலும் ஜனநாயகம்னு ஒண்ணு இருக்கு. படியேற முடியாதவங்க யாராவது இருந்தா கூச்சப்படாம கை தூக்குங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம்."

அந்த அறையில் நின்றுகொண்டிருந்தவர்களில் முக்கால்வாசிப் பேரால் படியேற முடியாது. ஒரு கையும் உயரவில்லை. கண்டக்டரின் கை பாதி வரைக்கும் எழுந்தது. பக்கத்தில் நின்றவர் திரும்பிப் பார்த்ததும் அது தலையைச் சொறிந்துவிட்டு இறங்கியது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் தூக்கிய கை, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டது.

சூப்ரண்டுக்கு அந்த நேரத்தில் நாலாவது மாடி ஞாபகம் வந்தது. அங்கே அவர் மனைவி இருந்தார். இரண்டு முட்டியும் போய்விட்டதால், படியில் காலே வைக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கையைத் தூக்கத்தான் வேண்டும். ஆனால் தூக்கினால் 'யங் மேன்' போய்விடும். அவர் அந்த இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, "வழிமொழிபவர்?" என்ற சொல் காதில் விழுந்தது. உத்தியோக காலம் முழுவதும் யார் எதை முன்மொழிந்தாலும் வழிமொழிந்தே பழகிய வாய். அவரைக் கேட்காமலே அது திறந்துகொண்டது.

"வழிமொழிகிறேன்."

அறை அதிரக் கை தட்டினார்கள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள நேரம் இருந்தது. ஆனால் கைதட்டல் நன்றாக இருந்தது.

அவர் மனைவி ஓய்வுபெற்ற டெலிபோன் ஆப்பரேட்டர். அந்தக் காலத்தில் புயலிலும் மழையிலும் அறுந்து தொங்கிய லைன்களைத் தாண்டி, தன் குரலாலேயே ஊரையும் ஊரையும் சேர்த்துவைத்தவர். குடியிருப்பில் எல்லோருக்கும் ஆப்பரேட்டரம்மா.

"கூட்டத்துல என்ன முடிவாச்சு?"

"எல்லாம் ஒருமனதா நிறைவேறிச்சு."

"அந்த ஒரு மனசு யாரோடது?"

சூப்ரண்டு விவரத்தைச் சொன்னார்.

"லிஃப்டுக்கு வயசாச்சு, அதனால ஓய்வு. எனக்கு வயசே ஆகலை, அதனால படி. அடடா, என்ன நியாயம்! நீங்க வாயே திறக்கலையா?"

"திறந்தேன்."

"என்னன்னு?"

"வழிமொழிஞ்சேன்."

ஆப்பரேட்டரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "இனிமே அந்த மஞ்சள் பனியனை நீங்களே துவைச்சுக்குங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

அதன் பிறகு அவருக்கு பால்கனிதான் உலகம். எதிர்க் கட்டடத்தின் தரைத்தளத்தில், வெளியூர் அழைப்புகளை இணைத்தே பெயர் வாங்கிய டிரங்கால் அக்கா இருந்தார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருவருக்கும் அடுத்தடுத்த ஸ்டூல். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஊரார் பேசியதைக் கேட்டும் கேட்காத மாதிரி சேர்ந்தே வயதானவர்கள். லிஃப்ட் ஓடிய நாட்களில் சாயங்காலம் இருவரும் கை கோத்துக்கொண்டு தெருமுனை வரைக்கும் ஆமை வேகத்தில் போய்வருவார்கள். இப்போது அக்கா தன் வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்ப்பார். இவர் மேலிருந்து குனிந்து பார்ப்பார். இருவர் காதிலும் செல்போன் இருக்கும். அக்காவுக்கு இடுப்பு எலும்பு உடைந்து கூடியது. அவராலும் ஏறி வர முடியாது.

ஒரு நாள் அக்கா போனில் சொன்னார். வெளிதேசத்தில் இருக்கும் மகன் தன்னை ஒரேயடியாக அழைத்துப் போகிறானாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்துவிடும்.

"ஒரே ஒரு தடவை கீழே போகணுங்க," என்றார் ஆப்பரேட்டரம்மா கணவரிடம். அன்று அவர் குரலில் கேலியே இல்லை. "அவங்க கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை பேசணும். இனிமே எங்க பார்க்கப் போறோம்?"

சூப்ரண்டு செருப்பை மாட்டிக்கொண்டார். நேரே செயலாளரிடம் போனார்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை லிஃப்ட் சாவி கொஞ்ச நேரம் வேணும்."

"யாருக்கு சார்?"

"வீட்டுல..."

"ஏன் சார், உங்க வீட்டுல வயசானவங்க யாராவது இருக்காங்களா?" வீட்டில் திருடனை ஒளித்துவைத்திருக்கிறாயா என்று கேட்கிற தொனி.

"சேச்சே!" என்று பதறினார் சூப்ரண்டு. பதறிய வேகத்தில் பழைய ஆபீஸ் மூளை வேலை செய்தது. "ஒரு நாற்காலி இருக்கு. கீழே இறக்கணும்."

"சாமானா? தாராளமா!"

"அந்த நாற்காலி மேல யாராவது உட்கார்ந்திருந்தா?"

செயலாளர் நெற்றியைத் தடவி யோசித்தார். "இறக்கற நாற்காலி காலியா இருக்கணும்னு நம்ம விதியில எங்கயும் இல்லையே. ஆனா வெளிய தெரிய வேண்டாம் சார். ஏன்னா, ஞாயித்துக்கிழமை நம்ம இயக்கத்தோட ஆண்டு விழா. இந்த வருஷ 'இளைஞர் மாமணி' நீங்கதான். மேடையிலயே சாவியைக் கொடுத்துடறேன்."

அன்று சூப்ரண்டு அறிவிப்புப் பலகையைப் படிக்காமலே நாலு மாடியும் ஏறினார். ஏற்பாட்டைக் கேட்டதும் ஆப்பரேட்டரம்மா சிரித்துவிட்டார்.

"நாற்காலியா? அதுக்கென்ன, கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இந்த வீட்டு சாமான்ல ஒண்ணாத்தானே இருக்கேன். இன்னொரு நாளும் இருந்துட்டுப் போறேன். நேரத்துக்கு வந்துடுங்க, அது போதும்."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வளாகத்தின் நடுவில் மேடை. மேடைமேல் செயலாளருக்கு ஒரு நாற்காலி. சிறப்பு விருந்தினருக்கு, பூப்போட்ட உறை மாட்டி, பெரிதாக இன்னொரு நாற்காலி. விருந்தினர் சாதாரண ஆள் இல்லை. 'குடித்தால் குழந்தை' என்ற ஊட்டச்சத்துப் பொடியின் தயாரிப்பாளர். ஆபீஸ் போகிறவர்கள் வாரமெல்லாம் களைத்தவர்கள் என்பதால் முன்வரிசையில் உட்காரவைக்கப்பட்டார்கள். அனுபவ இளைஞர்கள் வெயிலில், இளமையாக, நின்றார்கள்.

மேடையின் ஓரத்தில் மஞ்சள் பனியனுடன் நின்ற சூப்ரண்டுக்கு எதிர்க் கட்டட வாசல் நன்றாகத் தெரிந்தது. கார் வந்து நின்றுவிட்டது. பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மேலே நாலாவது மாடியில், லிஃப்ட் கதவுக்கு எதிரே, பிரம்பு நாற்காலியில் நல்ல புடவை கட்டிக்கொண்டு ஆப்பரேட்டரம்மா காத்திருந்தார்.

"தம்பி, சாவி..."

"ஒரு நிமிஷம் சார். உங்க பாராட்டுரையைத்தான் படிக்கப் போறாரு."

கை நீட்டினால் செயலாளரின் சட்டைப்பை. எட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அதற்குள் விருந்தினர் மைக்கைப் பிடித்து, "இந்த இளஞ்சிங்கத்தைப் பற்றி" என்று ஆரம்பித்துவிட்டார். அலுவலகத்தில் சூப்ரண்டு வாங்கியதெல்லாம் விளக்கம் கேட்டு வந்த கடிதங்கள்தான். அவரை ஒருவர் மைக்கில் புகழ்வது ஜன்மத்தில் இதுவே முதல் தடவை. கால் நகர மாட்டேன் என்றது. ஒரு நிமிஷம்தானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். விருந்தினரின் ஒரு நிமிஷம் பொடியின் மகிமைகளுக்குள் நுழைந்து, அங்கேயே உலாவியது.

"இவ்வளவு ஏன்?" என்று ஒலிபெருக்கி முழங்கியது. "இவருடைய வீட்டில் இன்றுவரை யாருக்குமே லிஃப்ட் தேவைப்பட்டதில்லை!"

கைதட்டல் நாலாவது மாடி வரைக்கும் போனது. அது ஓய்ந்த சிறிது நேரத்தில் படிக்கட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. புயலைத் தாண்டிப் பழகிய குரல். அதற்கு மைக் தேவைப்படவில்லை.

"முதுமை என்பது..." என்றார் விருந்தினர்.

"அம்மாடி!"

"...வெறும் மனப்பிரமை. வலி என்பதோ..."

"ஐயோ, என் முட்டி!"

"...நாமாகக் கற்பித்துக்கொள்வது. உண்மையில்..."

"உயிர் போகுதே!"

விருந்தினர் பேச்சை நிறுத்திவிட்டுச் செயலாளரைப் பார்த்தார்.

"உற்சாக முழக்கம் சார்," என்றார் செயலாளர். "எங்க ஆளுங்க அப்படித்தான். நீங்க பேசுங்க."

பின்வரிசையில் நின்ற கண்டக்டர் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனார். ஆப்பரேட்டரம்மா ஒவ்வொரு படியிலும் உட்கார்ந்து, நகர்ந்து, இறங்கிக்கொண்டிருந்தார். கையில் அக்காவுக்காகக் கட்டிய சின்னப் பொட்டலம்.

"அம்மா, நான் ஆயுசு பூரா 'படியில நிக்காதே, படியில நிக்காதே'ன்னு கத்தினவன்," என்றார் கண்டக்டர், மூச்சிரைக்கத் தோளைக் கொடுத்து. "இன்னைக்குக் கெஞ்சிக் கேக்கறேன். படியில கொஞ்சம் நில்லுங்கம்மா."

"நிக்க நேரமில்லைங்க. கார் போயிடும்."

சூப்ரண்டு ஒருவழியாக மெடலையும் சாவியையும் வாங்கிக்கொண்டு ஓடிவந்தபோது அவர்கள் முதல் மாடிக்கு வந்துவிட்டார்கள்.

"சாவி கிடைச்சிருச்சு! லிஃப்ட்லயே போயிடலாம்!"

"அதை வெச்சுக் காதைக் குடைஞ்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு ஆப்பரேட்டரம்மா அடுத்த படியில் இறங்கினார்.

வாசலுக்கு வந்தபோது எதிர்க் கட்டடத்தின் முன்னால் கார் இல்லை. அக்கா உட்காரும் நாற்காலி மட்டும் வெளியே கிடந்தது. ஆப்பரேட்டரம்மாவின் கையிலிருந்த போன் அடித்தது. பக்கத்தில் நின்ற சூப்ரண்டுக்கும் அக்காவின் குரல் கேட்டது.

"எங்கடி போயிட்டே? போன் போட்டா லைனே கிடைக்கலை. பால்கனியையே பார்த்துக்கிட்டு நின்னேன். டிரைவர் ஹாரன் மேல ஹாரன் அடிச்சான். கையாவது காட்டிட்டுப் போகலாம்னு பார்த்தேன், உன்னைக் காணோமே!"

"கீழே வந்துக்கிட்டிருந்தேன்க்கா," என்றார் ஆப்பரேட்டரம்மா.

அந்தப் பக்கத்திலிருந்து அழுகிற சத்தம்தான் வந்தது. கொஞ்ச நேரத்தில் அதுவும் அறுந்துபோனது. மேலேயே இருந்திருந்தால் கையாவது காட்டியிருக்கலாம். அதுவும் போயிற்று. சூப்ரண்டுக்குக் கழுத்தில் தொங்கிய மெடல் கனத்தது. வெட்கமாக இருந்தது. தொட்டுச் சமாதானம் சொல்லக்கூட அவருக்குக் கை வரவில்லை.

ஆனால் இயக்கம் எந்தத் தருணத்தையும் வீணாக்குவதில்லை. செயலாளர் மைக்கோடு மேடையிலிருந்து குதித்தார்.

"பார்த்தீங்களா! நாலு மாடி! லிஃப்ட் இல்லாம! அம்மா, உங்களால முடியும்னு எனக்கு அப்பவே தெரியும். நண்பர்களே, இந்த வருஷத்தோட 'இளைஞி மாமணி' யாருன்னு இனிமே நான் சொல்லவும் வேணுமா?"

ஆப்பரேட்டரம்மா சுற்றிலும் பார்த்தார். உட்கார இடம் தேடினார். பெஞ்ச் இல்லை. கண்டக்டர் தோளைப் பிடித்தபடி மேடை வரைக்கும் நடந்து, ஏறி, விருந்தினருக்குப் பூப்போட்ட உறை மாட்டிவைத்திருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தார். "அப்பாடா," என்றார். மேடையில் நின்றுகொண்டிருந்த விருந்தினர் ஓரமாக நகர்ந்துகொண்டார். கூட்டம் கழுத்தை நீட்டிப் பார்த்தது. செயலாளர் மட்டும் நிலைமையைச் சமாளிக்கிற சிரிப்போடு மறுபடி மேடையேறி வந்து குனிந்தார்.

"எங்களுக்கெல்லாம் நீங்கதாம்மா முன்மாதிரி. உங்க வாயால எனக்கு ஒரு ஆசீர்வாதம் பண்ணுங்க." மைக்கை அவர் வாய்க்கு நேராக நீட்டினார்.

ஆப்பரேட்டரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, அந்தக் காலத்தில் தூர தேசத்து லைன் கிடைத்ததும் பேசுவாரே, அந்த நிதானமான, தெளிவான குரலில் சொன்னார்:

"நீங்க நல்லா இருக்கணும் தம்பி. நூறு வயசு வரைக்கும் இருக்கணும். இந்தக் கட்டடத்துலயே இருக்கணும், நாலாவது மாடியிலயே இருக்கணும். கடைசி மூச்சு வரைக்கும் உங்க பிள்ளைங்க உங்களை 'இளைஞர்'னே சொல்லிக்கிட்டு இருக்கணும்."